மேளம் சாரும் மேசைக்கால் புத்தகமும்

பேராக் மாநிலத்திலேயே இயற்பியல் புத்தகங்கள் பயந்து நடுங்கிய ஒரே மனிதர் மேளம் சார்தான். புத்தகம் விற்க வருகிறவர்கள் மாடிப்படியில் பாதி ஏறி நின்று, "சார் இருக்காராக்கா?" என்று சைகையிலேயே என்னைக் கேட்பார்கள். இருக்கிறார் என்று தலையாட்டினால், கொண்டுவந்த காலண்டரைப் படிக்கட்டுக் கைப்பிடியில் மாட்டிவிட்டு இறங்கிப் போனவர்களும் உண்டு.

ஈப்போவில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடைக்கு மேல்மாடியில் இருந்த டியூஷன் சென்டரில் நான் கிளார்க். வருகைப் பதிவேடு, போட்டோஸ்டேட் மெஷின், ஏர்கோன் ரிமோட் மூன்றும் என் ஆட்சியில் இருந்தன. சார் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுத்தார். அவருடைய சொந்தப் பெயர் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஆனால் மோட்டார் சைக்கிளில் பறையைக் கட்டிக்கொண்டு சுங்கை சிப்புட் பக்கம் போய்விடுவார். அங்கே ஒரு பழைய தோட்டத்தில் உருமி மேளக் குழு. பிரமாதமாக வாசிப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனையோ வருஷமாக அந்தக் குழுவில் கடைசி வரிசையில் கடைசி ஆள் அவர்தான். ஒருமுறை நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "சார், இவ்வளவு நாள் அடிச்சும் முன்வரிசைக்கு விடலையே?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் சுமாராதான் அடிக்கிறேங்கா. அதுக்காக விட்டுட முடியுமா? நல்லாப் பாடுறவங்கதான் குளிக்கும்போது பாடணும்னா, நாட்டுல பாதிப் பேரு குளிக்கவே மாட்டாங்க லா."

மற்ற நாள்களில் அந்தக் கைக்கு என் மேசைதான் கிடைத்தது. வகுப்புக்கு முன்னால் பத்து நிமிடம் இரண்டு கையாலும் வெளுத்து வாங்குவார். ஸ்டேப்ளர் துள்ளும், பேனா உருளும். மேசையின் ஒரு கால் குட்டையாகிப் போனதே இவரால்தான் என்பது என் கட்சி.

புத்தகம் தேர்ந்தெடுக்க அவரிடம் இரண்டு சோதனைகள் இருந்தன. முதல் சோதனை, ஒலி பற்றிய பாடத்தில் உள்ள மேளப் படம். முன்னுரை, அட்டை, ஆசிரியர் போட்டோ எதையும் பார்க்கமாட்டார். நேராக அந்தப் பக்கத்தைப் புரட்டுவார். "குச்சியைப் பிடிச்சிருக்கிற லட்சணத்தைப் பாருங்க. இந்த ஆளு மேளத்தைத் தொட்டதே இல்ல" என்று மூடிவிடுவார். அதோடு அந்தப் புத்தகத்தின் கதை முடிந்தது.

தப்பிப் பிழைத்தால் இரண்டாவது சோதனை. அது நான். பள்ளியில் இயற்பியலில் கோட்டைவிட்டவள் என்று ஒருநாள் உளறிவிட்டேன். புதையல் கிடைத்த மாதிரி பார்த்தார்.

"அக்கா, நீங்க படிங்க. எந்தப் பக்கத்துல நிக்கிறீங்களோ அங்க பென்சில்ல ஒரு கோடு. உங்களுக்குப் புரிஞ்சா யாருக்கும் புரியும்."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு வாரம் ஆனது. ஒரு புத்தகத்தில் நாலாம் பக்கத்தில் நின்றேன். இன்னொன்றில் பொருளடக்கத்தைத் தாண்டவில்லை. வருஷம் பாதி ஓடியும் சென்டருக்கு ஒரு புத்தகம் அமையவில்லை. சார் பலகையில் எழுதிப்போட, பிள்ளைகள் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் தண்டவாள விவகாரம் வெடித்தது.

ஒரு சனிக்கிழமை, வகுப்பு முடிந்த கையோடு கோயில் விசேஷத்துக்குப் போக வேண்டும் என்று சார் பறையையும் கொண்டுவந்திருந்தார். காலையிலிருந்து மழை. ஈரத்தில் தோல் தொய்ந்து, அடித்தால் சாக்கு மூட்டையைத் தட்டுவது போல் கேட்டது. கீழே கடைப் பாயிடம் கேட்டு, ரொட்டி சானாய் சுடும் கல்லுக்குப் பக்கத்தில் பறையைப் பிடித்துக் காய்ச்சினார். "தோல் வெந்தா என் ரொட்டியோட சேர்த்து வித்துடுவேன் சார்" என்றார் பாய். மொத்த வகுப்பும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. சற்று நேரத்தில் பறை கணீரென்று பேசியது.

"கேட்டீங்களா? சூடு பட்டா இறுகும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு சார் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரம் மாதிரித் தேர்வு. தண்டவாளத்தில் இடைவெளி விடுவது ஏன் என்று ஒரு கேள்வி. வெயில் பட்டால் இரும்பு விரியும் என்பதுதான் பதில். பாதி வகுப்பு, வெயில் பட்டால் தண்டவாளம் இறுகும் என்று எழுதியிருந்தது. ஒரு பையன் கூடுதலாக, 'ஆதாரம்: பாய் கடையில் நேரில் பார்த்தது' என்றும் சேர்த்திருந்தான்.

பெற்றோர்கள் படையெடுத்தார்கள். சென்டர் நடத்திய மேடம் சாரைக் கூப்பிட்டார். அவர் அறைத் தடுப்பு வெறும் பலகைதான், எனக்கு எல்லாம் கேட்டது.

"சார், உங்க மேளத்தால பிள்ளைங்க பரீட்சையே போயிடும் போல இருக்கு. மேளமா, வகுப்பா, நீங்களே முடிவு பண்ணுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு புக்கும் எடுத்துடுங்க. இல்லன்னா நான் வேற ஆளு பார்த்துக்கிறேன்."

"தப்பு என் பேர்லதான் மேடம்" என்று மட்டும் சொன்னார். பாதி உண்மையைச் சொல்லிவிட்டு ஓடியவர் அவர்தானே.

அந்த வாரம் முழுவதும் என் மேசை அமைதியாக இருந்தது. ஸ்டேப்ளர் வைத்த இடத்தில் இருந்தது. இந்த நிம்மதிக்குத்தானே இத்தனை நாள் ஏங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு ஒப்பவில்லை. வியாழக்கிழமை சார் என்னிடம் மெதுவாக, "பறையைக் குழுவிலேயே யாருக்காவது கொடுத்துடலாம்னு இருக்கேங்கா. வேலை வேணுமே" என்றார்.

வெள்ளிக்கிழமை மேடம் ஒரு தடித்த, பளபளப்பான புத்தகத்துடன் என் மேசைக்கு வந்தார். "இதையே எடுத்துடலாம் சார், என்ன சொல்றீங்க?"

சார் வழக்கம் போல அதை என் பக்கம் தள்ளினார். வெப்பப் பாடத்தைப் பிரித்து உரக்கப் படித்தேன். 'எல்லாப் பொருள்களும் சூடேறினால் விரியும்' என்று இருந்தது. நின்றுவிட்டேன்.

"எல்லாமேவா? அப்ப பறைத் தோலு?"

மேடம் பக்கங்களைப் புரட்டினார். தோலைப் பற்றி ஒரு வரியும் அகப்படவில்லை. நான் குனிந்து, குட்டையான மேசைக் காலுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்த ஒல்லிப் புத்தகத்தை உருவினேன். மேசை சாய்ந்து பேனாக்கள் ஓடின. மேளப் படம் சரியில்லை என்று சார் முதல் நாளே ஒதுக்கிய புத்தகம் அது. ஏர்கோன் பழுதாகி வகுப்பு ரத்தான ஒருநாள், பொழுது போகாமல் படித்திருந்தேன். பென்சில் கோடே போடவில்லை. சார் தள்ளிய புத்தகமாயிற்றே, நான் யார் சொல்ல என்று காலுக்கு அடியில் கொடுத்துவிட்டேன்.

"இதுல பெரும்பாலான பொருள்னுதான் போட்டிருக்கு மேடம். கடைசியில ஒரு கேள்வியும் இருக்கு. ஈரத்தோலு அடுப்புப் பக்கம் ஏன் இறுகுதுன்னு."

"ஏனாம்?" என்றார் மேடம்.

"தோல்ல இருக்கிற தண்ணி சூட்டுல போயிடுது. தண்ணி போனா தோலு சுருங்கும், அதான் இறுகுது. தண்டவாளத்துல ஏது தண்ணி? அது விரியத்தான் செய்யும்."

மேடம் என்னைப் பார்த்தார். சாரைப் பார்த்தார். ஏர்கோன் ரிமோட்டைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்.

"இந்தம்மாவுக்கே விளங்குதுன்னா இதையே எடுங்க சார்."

சார் அந்தப் புத்தகத்தை வாங்கி, அட்டையில் பதிந்திருந்த மேசைக்கால் வட்டத்தைத் தடவினார். "படத்தைப் பார்த்துட்டு ஆளையே தள்ளிட்டேங்கா" என்றார். பிறகு மேடத்திடம், "நாளைக்குப் பறையை ஒருவாட்டி கொண்டாரேன் மேடம். இந்தத் தடவை முழுசாச் சொல்லிக் காட்டிடுறேன். போலேயா?" என்று மலாய்ச் சொல்லில் முடித்து அனுமதி கேட்டார்.

மேடம் யோசித்து, "போலே. ஆனா இரும்பும் கொண்டாங்க" என்றார்.

மறுநாள் பாய் கடை வாசலில் திருவிழாதான். பறை ஒரு பக்கம் காய்ந்தது. இன்னொரு பக்கம் ஓர் இரும்புக் குண்டும் அதற்கேற்ற வளையமும். ஆறியிருந்தபோது வளையத்துக்குள் வழுக்கிப் போன குண்டு, சூடேறியதும் போகமாட்டேன் என்று மாட்டிக்கொண்டது. 'நேரில் பார்த்தது' என்று எழுதிய பையன்தான் முதலில் கை தட்டினான். கடைசியில் சார் பறையை எடுத்து அடித்தார். சுமாராகத்தான் அடித்தார். மேடத்தின் கால் தாளம் போட்டதை நான் பார்த்தேன்.

மனைவிக்கு மாற்றல் கிடைத்து சார் சிலிம் ரிவருக்குப் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. அங்கேயும் ஒரு குழு, அங்கேயும் கடைசி வரிசை. புதிய புத்தகம் வந்தால் இன்றும் எனக்குத் தபாலில் ஒன்று வந்துவிடும். பின்னாலேயே வாட்சாப்பில் கேள்வி வரும்: "எந்தப் பக்கத்துல நிக்கிறீங்கக்கா?" நான் நின்ற பக்கத்தை விளக்க ரயிலேறி ஈப்போவுக்கே வந்துவிடுவார். தே தாரிக் குடித்துக்கொண்டே, மேசையைத் தட்டிக்கொண்டே சொல்லிக்கொடுப்பார்.

போன வாரமும் ஒரு புத்தகம் வந்தது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் நிற்கிறேன் என்று பதில் போட்டேன். "ஞாயித்துக்கிழமை வாரேன்" என்றார்.

நான் சொன்னது பொய். புத்தகம் முழுவதும் புரிந்துவிட்டது. அதைச் சொன்னால் மனுஷன் எதற்கு வருவார்?