சகலை பேர் வெட்டிய சைலன்சர்

மலையைப் பார்த்துக் கை நீட்டிச் சொல்றேன், இதுல ஒரு எழுத்துகூட பொய் கிடையாது. இதுக்கு முன்னாடி நான் எழுதினதுல கொஞ்சம் கூடக்குறைய இருந்திருக்கலாம். இது சுத்தமான உண்மை.

அன்னைக்கு எனக்கு ரெண்டே வேலை. என் பழைய காருக்கு சைலன்சர் மாத்தணும். வெள்ளிக்கிழமை கீழ்பென்னாத்தூர்ல மச்சினி விசாலாட்சியோட புது வீட்டுக் கிரகப்பிரவேசம். அதுக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம் வாங்கி, பேர் வெட்டி எடுத்துட்டு வரணும்.

சைலன்சர் துருப்பிடிச்சு ஓட்டை விழுந்து ஒரு மாசம் ஆச்சு. அடி அண்ணாமலைல நான் ஸ்டார்ட் பண்ணா, திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுல லாரி வருதுன்னு ஒதுங்கி நின்னாங்க.

எங்க வீட்டம்மா தீர்ப்பு சொல்லிட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சத்தம் அடங்கணும். அடங்கலேன்னா சனிக்கிழமை கார் பழைய இரும்புக் கடைக்குப் போயிடும். இந்த யோசனையைக் கொடுத்தது விசாலாட்சி புருஷன், என் சகலை தாமோதரன். அவருக்கு என் காரைக் கண்டா ஆகாது. அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, அதான்.

மெக்கானிக் கரீம் பாய் காருக்கு அடியில போய்ப் படுத்துப் பார்த்துட்டு வெளியே வந்தார். ரெண்டு தினுசு இருக்குன்னார். ஒண்ணு எம்.எஸ்., அதாவது சாதா இரும்பு. விலை கம்மி, ஆனா துருப்பிடிக்கும். இன்னொண்ணு எஸ்.எஸ்., அதாவது எவர்சில்வர். விலை ஜாஸ்தி, ஆனா உழைக்கும்.

எதைப் போடலாம்னு கேட்டேன். பாய் என்னைத் தலையிலேர்ந்து கால்வரைக்கும் பார்த்தார். காரை இல்லை, என்னை.

"எம்.எஸ். ரெண்டு மூணு வருஷம் வரும். எஸ்.எஸ். போட்டா பதினஞ்சு வருஷம் வரும். உங்களுக்கு எம்.எஸ். போதும் சார்."

எழுபத்தாறு வயசுக்காரன்கிட்ட பேசுற பேச்சா இது? டாக்டர்கூட இவ்வளவு வெளிப்படையா சொன்னதில்லை. எஸ்.எஸ்.தான் போடணும், அதுவும் தடிமனா போடணும்னு சொல்லிட்டேன்.

மத்தியானத்துக்குள்ள பாய் எஸ்.எஸ். சைலன்சர் ஒண்ணு வரவழைச்சுட்டார். என்னையா ஏமாத்த முடியும்? வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டியிருந்த காந்தப் பிள்ளையாரைப் பையில போட்டுட்டு வந்திருந்தேன். வெச்சேன். பிள்ளையார் பச்சக்குனு ஒட்டிக்கிட்டார்.

எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாது. இது எங்க ஊர்ல பாத்திரக் கடை வாசலை மிதிச்ச எல்லாருக்கும் தெரியும். பாய் பொறுமையா விளக்கினார். பாத்திரத்துல நிக்கல் ஜாஸ்தி, சைலன்சருக்குப் போடற எஸ்.எஸ்.ல கம்மி, அதனால ஒட்டும்னு. நான் அவரைப் பார்த்து லேசா சிரிச்சேன். விஷயம் தெரிஞ்சவன் சிரிக்கிற சிரிப்பு.

நேரா தேரடித் தெரு பக்கம் ஒரு பாத்திரக் கடைக்குப் போனேன். குடத்துக்கும் வெச்சேன், அண்டாவுக்கும் வெச்சேன். பிள்ளையார் எதுலயும் ஒட்டலை. கடைசியா ஒரு பால் கேன் கண்ணுல பட்டுது. நீளமா, உருண்டையா, கெட்டியா. சைலன்சராவே பொறந்து, வழி தவறி பாத்திரக் கடைக்கு வந்த மாதிரி இருந்தது.

பில் போடறவர் என்ன விசேஷம்னு கேட்டார். காருக்கு அடியில மாட்டறதுக்குன்னு எப்படிச் சொல்றது? மச்சினி வீட்டுக் கிரகப்பிரவேசம்னு சொல்லி வெச்சேன். பேரெல்லாம் கேட்டார், சொன்னேன். அந்தப் பக்கம் சீலிங் ஃபேன் என்ன விலைன்னு விசாரிச்சுட்டுத் திரும்பறதுக்குள்ள, மெஷின் டிர்ர்ருனு ஓடி முடிஞ்சிருந்தது. பேர் வெட்டறது இலவசமாம்.

கரீம் பாய் கேனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "வெல்டு வெக்கிறேன். யார் வெச்சாங்கன்னு கேட்டா மட்டும் என் பேரைச் சொல்லாதீங்க சார்"னார்.

வெள்ளிக்கிழமை காலையில ஸ்டார்ட் பண்ணேன். பழைய லாரிச் சத்தம் போயே போச்சு. அதுக்குப் பதிலா சங்கு ஊதற மாதிரி ஒரே சீரா 'பூம்'னு வந்தது. கிரிவலப் பாதையில நடந்துட்டிருந்தவங்க ஒதுங்கி நின்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. ரெண்டு சாமியாருங்க எழுந்து நின்னாங்க. எங்க வீட்டம்மா முகத்துல ஒரு மாசத்துக்கப்புறம் சிரிப்பு. கார் பிழைச்சுடுச்சுன்னு நினைச்சேன்.

கீழ்பென்னாத்தூர்ல பந்தலுக்கு முன்னாடி கார் நின்னது. இறங்கினதும் வீட்டம்மா கேட்டாங்க, "பாத்திரம் எங்க?"

அப்பதான் எனக்கு ரெண்டாவது வேலை ஞாபகம் வந்தது.

"கார்லதான் இருக்கு"ன்னேன். இதுவும் பொய் இல்லை பாருங்க.

அவங்க பின் சீட்டுல தேடினாங்க, டிக்கில தேடினாங்க. அதுக்குள்ள பழைய லாரிச் சத்தம் வராத காரணத்தைக் கண்டுபிடிக்க சகலை பட்டு வேட்டியோட குனிஞ்சு காருக்கு அடியில பார்த்தார். பார்த்தவர் நிமிரவே இல்லை. அப்படியே குனிஞ்சபடி, பந்தல் மொத்தமும் கேக்கறாப்பல எழுத்துக்கூட்டிப் படிச்சார்.

"தாமோதரன் விசாலாட்சி, புதுமனை புகுவிழா. அன்பளிப்பு, ஏகாம்பரம்."

ஏகாம்பரம் நான்தான்.

விருந்தாளிங்க ஒவ்வொருத்தரா குனிஞ்சு பார்த்துட்டுப் போனாங்க. மொய் எழுதறவர்கூட நோட்டை மூடி வெச்சுட்டு வந்தார். வேற பாத்திரம் நாளைக்கே வாங்கித் தரேன்னு கெஞ்சினேன். விசாலாட்சி ஒரே பிடியா நின்னுட்டா.

"வீட்டுப் பேர் வெட்டின பாத்திரம் வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போகக் கூடாது மாமா."

கேட்டுக்கு கிரில் அடிக்க வந்த வெல்டர் அங்கேயே இருந்தார். பத்து நிமிஷத்துல அறுத்து எடுத்துட்டார். புகைக்கரியெல்லாம் புளி போட்டுத் தேய்ச்சா போயிடும்னு சகலை கேனை வாங்கி உள்ளே கொண்டு போனார். போகும்போது பழைய இரும்புக் கடைக்காரர் நம்பர் வேணுமான்னு வேற கேட்டார்.

சைலன்சரே இல்லாத கார் எப்படிக் கத்தும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. வீட்டம்மா பஸ்ல வந்துட்டாங்க. பஸ்ஸுக்குப் பின்னாடியே நான் வந்தேன். டிரைவர் நான் ஹாரன் அடிக்கறேன்னு நினைச்சு வழி விட்டுட்டே இருந்தார்.

சனிக்கிழமை காலையில இரும்புக் கடைக்காரர் வாசலுக்கு வந்துட்டார். நான் வீட்டம்மாகிட்ட கையெடுத்துக் கும்பிட்டேன். கடைசியில இறங்கி வந்தாங்க. கரீம் பாய் சொன்ன எம்.எஸ்.ஸையே போடணும், அது துருப்பிடிச்சு ஓட்டை விழற அன்னைக்குக் கார் போயிடணும். அதுதான் சமாதானம்.

போட்டாச்சு. இப்பல்லாம் கோயிலுக்குப் போனா ஆயுசு கேக்கறேன். எனக்கில்லை, சைலன்சருக்கு.

சாமியை மட்டும் நம்பி உக்கார முடியுமா? தினமும் காலையில காருக்கு அடியில படுத்து, துரு ஏறாம இருக்கத் தேங்காய் எண்ணெய் தடவறேன். ஸ்டார்ட் பண்ணா தெருவே பலகாரம் சுடற வாசனை.

இதை யார்கிட்ட வேணா சொல்லுங்க, சொன்னது யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எண்ணெய் பாட்டில் ஏன் வாரத்துக்கு ஒண்ணு காலியாகுதுன்னு வீட்டுல விசாரணை நடந்துட்டிருக்கு.