ஹெட்மாஸ்டரின் பிரஷர்

"நூத்தி அறுபத்தஞ்சு" என்று நர்ஸ் சொன்னதும், ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் பரீட்சையில் கோட்டைவிட்ட பையனைப்போலத் தலையைத் தொங்கப்போட்டார்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மூன்று வாரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். பிரஷர் இறங்காமல் அங்கே கத்தியைத் தொடமாட்டார்கள். ஏற்கெனவே இரண்டு தடவை திருப்பி அனுப்பியாயிற்று. இந்தத் தடவையும் அப்படியென்றால் பெயர் பட்டியலின் கடைசிக்குப் போய்விடும். அப்புறம் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும்.

அந்தச் சுகாதார நிலையத்தில் ஒரு நோயாளியை ஒருவர் மட்டும் பார்க்கிற வழக்கம் போய்விட்டது. இப்போது குழுவாகப் பார்க்கிறார்கள். படிவத்தில் முதல் கேள்வியே "உங்களுக்கு எது முக்கியம்?" என்பதுதான். ஹெட்மாஸ்டர் பட்டென்று சொல்லியிருந்தார்: "பேப்பரை நானே படிக்கணும்." அதை எழுதிக்கொண்ட நாள்முதல் அவருடைய பிரஷர் நர்ஸின் பிரஷராகிவிட்டது.

"மாத்திரையை இன்னும் ஏத்தினா தலை சுத்தும். வேற வழி பாருங்க" என்றார் டாக்டர்.

உணவு ஆலோசகர் வந்தார். "சாப்பாட்டுல உப்பே கூடாது. புரியுதாம்மா?"

பக்கத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த ஹெட்மாஸ்டரின் மனைவி தலையாட்டினாள். அவள் எதற்கும் தலையாட்டுவாள்.

அடுத்த வாரம் நூற்று எழுபத்திரண்டு.

"உப்பைக் குறைச்சீங்களா சார்?"

"குறைக்கிறதா? அடியோட நிறுத்தியாச்சு! உப்பே இல்லாம இவ எவ்வளவு ருசியா சமைக்கிறா தெரியுமா? தட்டை வழிச்சுத் தின்னேன்."

சரி, உப்பு இல்லை. அப்படியென்றால் மனசுதான் என்று குழு முடிவுகட்டியது. மனநல ஆலோசகர் அவரைக் கண்ணை மூடி மூச்சை எண்ணச் சொன்னார். எண்ணிக்கை தப்பும்போதெல்லாம் ஹெட்மாஸ்டர் தன்மேலேயே கோபப்பட்டு ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். நூற்று எழுபத்தெட்டு.

உடற்பயிற்சி நிபுணர், "காலையில நடங்க" என்றார். நடந்தார். இரண்டாம் நாளே மனைவியை எழுப்பாமல் தனியாகக் கிளம்பி, மங்கலான கண்ணோடு ஒரு கம்பத்தில் முட்டிக்கொண்டு, நெற்றியில் பிளாஸ்திரியோடு வந்தார். நூற்று எண்பத்தி நாலு.

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் முழுக் குழுவும் ஒரே அறையில் கூடியது. நடுவில் ஹெட்மாஸ்டர், சுற்றி ஆறு பேர். நாற்காலி போதாததால் மனைவி கதவோரம் நின்றாள்.

"பயப்படாதீங்க சார், நாங்க இத்தனை பேர் இருக்கோம்" என்றார் டாக்டர்.

அந்த இத்தனை பேரையும் பார்த்துத்தான் அவருக்கு வேர்த்தது. நூற்றுத் தொண்ணூற்றி ஒன்று. ஆபரேஷன் ரத்து என்று பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போயிற்று.

"பரவாயில்லைம்மா, நீங்க உங்களால ஆனதைச் செஞ்சீங்க" என்று ஹெட்மாஸ்டரே நர்ஸுக்கு ஆறுதல் சொன்னார். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. மருந்தாளுநர் அவரை மாத்திரை வாங்க அழைத்துப் போக, மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

நர்ஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதவோரம் நின்ற மனைவியை அப்போதுதான் பார்த்தாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கம்மா. ஆறு பேர் அவரைக் கேட்டோம், உங்களை யாருமே கேக்கலை. உங்களுக்கு எதும்மா முக்கியம்?"

அந்த அம்மாள் வாசலை ஒரு முறை எட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"வழக்கத்தைவிட ரெண்டு பங்கு உப்பு போடறேம்மா, நாப்பது வருஷமா எனக்குப் பத்தடி முன்னாடியே நடந்த மனுஷன், கண்ணு மங்கின பிறகுதானே என் கையைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறாரு!"