கோட்டை ஹோட்டலில் முதல் வாய்

கரடியூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் செங்கோடன் அந்த வாரம் இரண்டு சபதம் எடுத்தான். கோட்டை ஹோட்டலில் கையால் சாப்பிடுவதில்லை என்பது ஒன்று. நாகலூர் எஸ்டேட்டின் பெரிய ரைட்டர் வேலையை வாங்காமல் அங்கே நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை என்பது இன்னொன்று. சபதம் எடுக்கிறவனுக்கு என்ன, செலவா பிடிக்கிறது?

கரடியூர், நாகலூர் இரண்டு எஸ்டேட்டுக்கும் துரை சீமையிலிருந்து புதிதாக வந்தவர். தன்னிடம் வேலை செய்கிறவனையும் சமமாக உட்கார வைத்துச் சாப்பிடும் வினோதப் பழக்கம் அவருக்கு உண்டு. மற்ற துரைமார்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவர் சட்டை செய்யவில்லை.

"செங்கோடன்! சண்டே மத்தியானம் கோட்டை ஹோட்டல். உன் சம்சாரமும் வரணும். நாகலூர் சமாசாரம் பேசணும்" என்று சொல்லிவிட்டுக் குதிரை ஏறிப் போய்விட்டார்.

நாகலூர் சமாசாரம் என்றால் லேசா? ஓட்டு வீடு. சவாரிக்கு ஒரு மட்டக்குதிரை. வழியெல்லாம் மேஸ்திரிமார் கும்பிடு. ஒரே ஒரு குறை, அந்த ஓட்டு வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் செங்கோடனின் அக்கா கிருஷ்ணம்மாள் குடியிருந்தாள். செங்கோடனுக்கு அது குறையாகத் தெரியவில்லை. அவன் சம்சாரம் அருக்காணிக்குத் தெரிந்தது.

"ஏனுங்க, நாகலூரு வேண்டாமுங்க. உங்க அக்கா பக்கத்துல என்னால ஒரு நாளும் குடித்தனம் பண்ண முடியாதுங்க."

"ஏம்புள்ள, எங்கக்கா என்ன புலியா? அடிச்சுத் தின்னுபோடுமா?"

"புலின்னா தின்னுபோட்டுப் போயிருமுங்க. அவிய போகமாட்டாங்களே!"

"இதுல பொம்பளை பேசறதுக்கு ஒண்ணுமில்லை."

அருக்காணி வாயை மூடிக்கொண்டாள். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிச் சட்டென்று வாயை மூடியதே கிடையாது. புத்தியுள்ளவன் அப்போதே பயந்திருப்பான். செங்கோடன் ஜெயித்துவிட்டதாக நினைத்து மீசையைத் தடவிக்கொண்டான்.

அன்றே மூங்கிலைச் சீவி முள்கரண்டி ஒன்று செய்து களியில் பழக ஆரம்பித்தான். குத்தினால் முள் உள்ளே போகும், வெளியே வராது. இழுத்தால் மொத்தக் களி உருண்டையும் கூடவே வரும். நாலு நாளில் மூன்று முள்கரண்டி ஒடிந்தது. அருக்காணி களி கிண்டிப் போட்டாள்.

சனிக்கிழமை அவளை எதிரில் உட்கார வைத்தான்.

"இங்க பாரு. உனக்கு ஒரு எழவும் தெரியாது. அதனால நான் கை வெச்ச பொறவுதான் நீ கை வெக்கோணும். நான் தொடறதுக்கு முந்தி நீ தட்டைத் தொட்டயோ, என் மானம் போயிரும்."

"நம்மூட்டுல எப்பவும் அப்படித்தானுங்களே. நீங்க சாப்புடாம நான் என்னைக்குச் சாப்புட்டிருக்கறேன்?"

"நெசமாவா? சேர்வராயன் மேல சத்தியம் பண்ணு."

சேர்வராயன் மலைச்சாமி. அவர் பேரில் சத்தியம் பண்ணினால் இந்த மலையில் ஒருத்தரும் மீறமாட்டார்கள். அருக்காணி கையில் அடித்துச் சத்தியம் பண்ணினாள்.

கோட்டை ஹோட்டல் என்பது முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பாளையக்காரர் கட்டின கல்கோட்டை. சுவர் ஒவ்வொன்றும் ரெண்டு முழம் கனம். எதிரி தலை குனிந்துதான் நுழைய வேண்டும் என்று வாசலைக் குட்டையாக வைத்திருந்தார் அந்த மகராசன். செங்கோடன் குனிய மறந்தான். தலைப்பாகை உருண்டது. அருக்காணி எடுத்துத் தட்டிக் கொடுத்தாள். உள்ளே யாளித் தூண்களுக்கு நடுவே மேஜை, வெள்ளை விரிப்பு, மினுமினுக்கும் கத்திகள். துரையும் துரைசானியும் எழுந்து நின்று வரவேற்றார்கள். செங்கோடனுக்குப் பாதி நாகலூர் கைக்கு வந்துவிட்டது.

சூப் வந்தது. செங்கோடன் கரண்டியை எடுக்கப் போனான். ஹோட்டல் பட்லர் முனியப்பன் அவன் காதருகே குனிந்தான்.

"ரைட்டரே, கையை எடுங்க! பொம்பளைங்க எல்லாரும் மொத வாய் வெச்ச பொறவுதான் ஆம்பளைங்க தொடோணும். இங்கத்த மொறை அது. மீறுனா தொரைக்குக் கெட்ட கோவம் வரும்."

செங்கோடன் நிமிர்ந்து பார்த்தான். துரைசானி குடிக்க ஆரம்பித்தாயிற்று. துரை கரண்டியைத் தொடாமல் அருக்காணியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அருக்காணி இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு யாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புள்ள, குடி" என்றான் பல்லுக்குள்ளே.

"நீங்க மொதல்லங்க."

"நான் தொடக்கூடாதாமா."

"நீங்க தொடாம நான் தொடக்கூடாதுங்களே."

"இப்ப நாந்தான சொல்றேன், குடி!"

"சத்தியம் வாங்கினதும் நீங்கதானுங்க. சாமி குத்தம் ஆயிராதுங்களா?"

சூப் ஆறி ஏடு கட்டியது. முனியப்பன் எடுத்துக்கொண்டு போனான். துரையின் சிரிப்பில் பாதி அதோடு போயிற்று. மீன் வந்தது, மீனும் போயிற்று, மீதிச் சிரிப்பும் போயிற்று. அடுத்து முழுக்கோழி வறுவல் வந்தது. அப்போது துரையின் வயிறு ஒரு சத்தம் போட்டது பாருங்கள், அந்தக் கல் கூடத்தில் நாலு மூலையிலிருந்தும் திரும்பி வந்தது!

"செங்கோடன்," என்றார் துரை. முகம் சிவந்திருந்தது. "உன் சம்சாரம் ஏன் சாப்பிடலை? எனக்கு ரொம்பப் பசி."

செங்கோடன் அருக்காணி பக்கம் திரும்பினான். நாகலூர் போனால் போகிறது, இருக்கிற கரடியூரும் போய்விடும் போலிருந்தது.

"அருக்காணி, உன்னைக் கும்புடறேன். ஒரு வாய் தின்னு தாயி!"

"சத்தியத்தைத் தீத்துக்க வழி இருக்குதுங்க" என்றாள் அவள், யாளியை விட்டுக் கண்ணை எடுக்காமல். "கோயில்ல தேங்கா ஒடச்சு, மன்னாப்புக் கேட்டுக்கலாம். சும்மா யாராச்சும் ஒடப்பாங்களா?"

"என்ன வேணும், சொல்லித் தொலை!"

"நாகலூரு வேண்டாமுன்னு தொரைகிட்டச் சொல்லிப்போடுங்க."

முனியப்பன் கோழித் தட்டையும் எடுத்துப் போகக் கையை வைத்தான். அவ்வளவுதான். செங்கோடன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

"தொரைங்களே! எனக்கு நாகலூரு வேண்டாமுங்க! கரடியூரே போதுமுங்க!"

"ஆல் ரைட், ஆல் ரைட்! வேற ஆள் போடறேன். சாப்பிடு!"

அருக்காணி இடது கையில் முள்கரண்டியை எடுத்தாள், வலது கையில் கத்தி. கோழித் தொடையை எலும்பு தனியாக, கறி தனியாக அறுத்து ஒரு துண்டை வாயில் வைத்தாள். ஒரு சத்தமில்லை. துரை தன் தட்டின் மேல் பாய்ந்தார். செங்கோடனும் குத்தினான். அவன் கோழி தட்டைத் தாண்டி யாளியின் காலடியில் போய் விழுந்தது. அடுத்த துண்டைக் கையாலேயே பிய்த்துத் தின்றான்.

புட்டிங்கை அருக்காணி இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டாள். புறப்படும்போது துரைசானியிடம் "தேங்க்யூ மேடம்" என்றாள். செங்கோடனுக்கு மயக்கமே வந்துவிட்டது.

கரடியூர் பாதையில் பாதித் தூரம் நடந்தார்கள். அப்புறம் செங்கோடனுக்குத் தாங்கவில்லை.

"இந்தக் கத்தி, முள்ளு, தேங்க்யூ… இதெல்லாம் எங்க புள்ள கத்துக்கிட்ட?"

"பட்லர் சம்சாரம் ராசாத்திகிட்டங்க. நாலு நாளாப் போனேன்."

செங்கோடன் நின்றுவிட்டான்.

"அப்ப, பொம்பளைங்க மொதல்ல தொடோணுங்கற சங்கதி உனக்கு…"

"அதைத்தானுங்க மொத நாளே சொல்லிக் குடுத்தா."