திறந்து கிடந்த ரவுட்டரை நான் பூட்டிய விவரம்

அன்பும் பொறுமையும் மிகுந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கு எனக்கும் உங்கள் அத்தைக்கும் தேக சுகத்தில் குறைவில்லை, பேச்சுவார்த்தையில்தான் குறைவு. போனில் சொன்னால் என் மகள் காதில் விழுந்து தொலைக்கும் என்பதால் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

நீங்கள் வாங்கித் தந்த கேம் கன்சோலில் தினமும் மாலை ஐந்து மணிக்கு அம்மாவும் மகளும் ஆளுக்கொரு ஊரிலிருந்து கார் ஓட்டுவது நீங்கள் அறிந்ததே. "லெஃப்ட்ல வாடி, அவனை இடிச்சுத் தள்ளு" என்று இவள் போடும் சத்தத்தில் நான் இருமினால்கூடக் கேட்பதில்லை. சோபா ஓரத்தில் உட்கார்ந்து அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன செவ்வாய்க்கிழமை அப்படிப் பார்த்தபோது, திரையில் 'நாட் வகை: திறந்தது' என்று ஒரு வரி கண்ணில் பட்டது. நான் முப்பத்து நாலு வருஷம் கிடங்கில் கேட் காவல் பார்த்தவன். திறந்து கிடக்கிறது என்று எழுதியே போட்டிருக்கிறான், சும்மா இருக்க மனசு வருமா? மறுநாள் காலை ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய், நீங்கள் திறந்துவைத்திருந்த அத்தனையையும் மூடினேன். மாலையில் திரையில் அதே வரி 'கண்டிப்பு' என்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதோடு போச்சு. மகளின் காரும் வரவில்லை, குரலும் வரவில்லை. நெட் கம்பெனிக்குப் போன் பண்ணி இரண்டு வீட்டுத் திரையிலும் இருப்பதைச் சொன்னால் ஒரு பெண், "சார், நாட்ங்கிறது உங்க நெட்டோட வாசக்கதவு மாதிரி. உங்க பக்கம் கண்டிப்பு, உங்க பொண்ணு பக்கம் மிதம். ரெண்டும் ஒத்துப்போகாது. ஒரு பக்கமாவது திறந்திருக்கணும்" என்றாள். ரவுட்டரின் பின்னால் உள்ள ஓட்டையில் குத்தினால் பழையபடி ஆகிவிடும் என்று எதிர்வீட்டுத் தையல்காரர் சொன்னார்; ஊசியும் அவரே கொடுத்தார். குத்தினேன். நெட்டே போய்விட்டது. அந்தப் பெண் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி நெட்டை வரவழைத்தாள், நீங்கள் செய்துவைத்த செட்டிங் மட்டும் வரவேயில்லை. தையல்காரரா விடுவார்? தன் பழைய ரவுட்டரை எடுத்துவந்து நம்முடையதன் பின்னால் மாட்டினார். இப்போது கேட்டும் இரண்டு, காவல்காரனும் இரண்டு. ஒருத்தன் விட்டால் இன்னொருத்தன் மறிக்கிறான். திரையில் 'இரட்டை நாட்' என்று புதிதாக ஒரு வசவு வேறு.

வருகிற சனிக்கிழமை அவர்கள் ஜோடிக்கு இறுதிப் போட்டி. "அதுக்குள்ள சரியாகலைன்னா நான் பொண்ணு வீட்டுக்கே போயிடுறேன். நீங்க கேட்டைப் பூட்டிக்கிட்டு உள்ளயே இருங்க" என்று சூட்கேஸை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டாள். மாப்பிள்ளை, எனக்குச் சமைக்கத் தெரியும், துவைக்கத் தெரியும். அவள் இல்லாத வீட்டில் இருக்கத்தான் தெரியாது. ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் எப்படியாவது வந்து திறந்துவிட்டுப் போகவும்.

குறையாத ஆரோக்கியத்தோடும் அறுந்துபோகாத நெட்டோடும் நீங்கள் இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்.

பி.கு.: கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது உங்கள் அத்தை வந்து, "எழுதினது போதும், இப்படி வந்து உக்காருங்க. ஒரே வீட்ல ரெண்டு பேர் ஆடுறதுக்கு நெட்டே வேணாம்" என்று இன்னொரு ரிமோட்டைக் கையில் திணித்தாள். பன்னிரண்டு ரேஸ் ஓட்டினோம். பன்னிரண்டிலும் எனக்குத்தான் கடைசி இடம். "அய்யோ, சுவத்துல ஏத்துறீங்க" என்று என் தோளில் அடித்து அடித்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ நாளாகிறது. ஆகவே வெள்ளிக்கிழமை வந்து திறக்கவும். ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, யாரிடமும் மூச்சு விடாமல், மறுபடி கண்டிப்புக்கே மாற்றிவிட்டுப் போகவும்.