சீனத்துச் சாமியும் கறுத்த தேத்தண்ணியும்

மஸ்கெலியாவில் அந்த மாதம் தேயிலை பேச ஆரம்பித்திருந்தது. நம் மலையில் முளைத்த தேயிலை அல்ல. அதற்கு அவ்வளவு யோக்கியதை ஏது? பேசியது சீனாவிலிருந்து வந்த பச்சைத் தேயிலை. கடைவீதியில் ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் சீனத்துச் சாமி என்று ஒருவர் அதைச் சுடுதண்ணீரில் போடுவாராம். குடும்பத்தின் கடந்த காலம், வரப்போகும் ஆபத்து, பக்கத்து லயத்துக்காரி வைத்த செய்வினை எல்லாவற்றையும் அது சொல்லிவிடுமாம்.

பொகவந்தலாவையிலிருந்து பஸ் பிடித்து வந்தார்கள். கொத்மலையிலிருந்து வேன் பேசி வந்தார்கள். விடிந்தால் தேயிலை, பொழுது சாய்ந்தால் தேயிலை என்று கிடக்கிற சனம், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் வந்து தேயிலையைக் கும்பிட்டது.

சாமியின் சொந்தப் பெயர் செல்லசாமி. பாதிச் சாமி பெயரிலேயே இருந்தது. மீதியைத் தாடியும் பட்டு அங்கியும் பார்த்துக்கொண்டன. சீன மலைக்குகை ஒன்றில் சித்தரிடம் பாடம் படித்தவராம். சீனத்தில் இரண்டு வார்த்தை பேசிக் காட்டுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. பக்தி இருக்கிற இடத்தில் கேள்வி இருந்தால் மரியாதைக் குறைவாயிற்றே!

குறி பார்க்கும் முறை எளிது. சின்னக் கோப்பையைச் சாமி பட்டுத் துணியால் துடைப்பார். ஒரு சிட்டிகை தேயிலை போடுவார். கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடுவார். திறக்கும்போது இளம்பச்சையாக இருந்தால் வீடு சுத்தம். கறுத்திருந்தால் தோஷம். தோஷக்காரர்களுக்குப் பரிகாரத் தகடும் தேயிலைப் பொட்டலமும் அங்கேயே விற்பனைக்கு உண்டு. பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கறுத்தது. வியாபாரம் நடக்க வேண்டாமா?

அழகம்மா தன் மகன் லோஜனையும் அவனுக்கு நிச்சயித்திருந்த தனுஜாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். லோஜன் ஹட்டனில் வேன் ஓட்டுகிறவன். தனுஜாவுக்கு நுவரெலியாவில், சுற்றுலாக்காரர்களுக்கு விதவிதமான தேயிலை ஊற்றி ருசி காட்டும் கடையில் வேலை. இருவரும் விரும்பித்தான் நிச்சயம் ஆனது. ஆனாலும் அழகம்மாவின் நெஞ்சில் ஒரு முள். முதல் நாளே தனியாக வந்து, வாசலில் டிக்கட் கொடுக்கிற ஆளிடம் அதைக் கொட்டித் தீர்த்திருந்தாள்.

"பொண்ணு நல்லவதான் தம்பி. ஆனா வேலைக்குப் போற புள்ள, வாய் கொஞ்சம் கூட. மகன் வேற வண்டி ஓட்டுறவன். பயமா இருக்கு."

டிக்கட்காரன் அன்பாகத் தலையாட்டினான். அவள் சொன்னது அப்படியே சாமியின் காதுக்குப் போனது.

சாமியின் பக்கத்தில் இரண்டு துணிகள் இருந்தன, பச்சை ஒன்று, சிவப்பு ஒன்று. தனுஜாவின் கோப்பையைச் சிவப்பால் துடைத்தார். தேயிலை போட்டார். கெண்டியிலிருந்து கொதிக்கக் கொதிக்க ஊற்றினார்.

"அய்யோ சாமி, தண்ணிய கொஞ்சம் ஆறவிட்டு ஊத்தணுங்க" என்றாள் தனுஜா. "இப்படி ஊத்தினா பச்சைத் தேயில வெந்து கசந்துபோகும்."

"பெண்ணே, மௌனம்! இலை பேசும் நேரம் இது."

மூடியைத் திறந்தார். உள்ளே மை போல ஒரு கறுப்பு. கூட்டம் "முருகா!" என்றது.

"இவள் வாசல்படி மிதித்தால் உன் மகனின் வாகனம் பள்ளத்தில் உருளும்" என்றார் சாமி.

அழகம்மா அழத் தொடங்கினாள். "மோதிரத்தக் கழட்டிக் குடுத்துரு புள்ள. எனக்கு ஒத்த மகன்."

தனுஜா லோஜனைப் பார்த்தாள். அவன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்குக் கோபம் வந்தது. கையை நீட்டிக் கோப்பையை எடுத்தாள். ஒரு மடக்குக் குடித்தாள்.

கூட்டம் அலறியது. தோஷத்தையே குடித்துவிட்டாளே!

தனுஜா அதை வாயில் உருட்டி, முகம் சுளித்து விழுங்கினாள். பச்சைத் தேயிலைக்கு வறுத்த பயறு மாதிரி ஒரு மணம் உண்டு. அது இல்லை. நாக்கில் துருப்பிடித்த ஆணிதான் இருந்தது.

"மாமி, இது தோஷம் இல்ல. இரும்பு. கிளினிக்குல புள்ளத்தாச்சிகளுக்குக் குடுக்கிற ரத்தக் குளிசை இருக்கே, அதே ருசி. அதத் தேத்தண்ணியோட போடாதீங்கன்னு நர்ஸ் மிஸ்ஸி சொல்றாங்கல்ல? ரெண்டும் சேந்தா இப்படித்தான் கறுக்கும்."

பிறகு சாமியிடம் திரும்பினாள். "சாமி, அதே பொண்ணு, அதே தேயில, அதே தண்ணி. இந்தத் தடவ பச்சைத் துணியால துடைங்க. கறுத்துச்சுன்னா மோதிரத்தக் கழட்டிட்டுப் போயிர்றேன்."

"சித்தர் கோபிப்பார்!"

"அவர் சீனாவுல இருக்காரு, வர்றதுக்குள்ள முடிச்சிருவோம்" என்றது ஒரு பெண்குரல். நாகலெட்சுமி. போன வாரம் தோஷம் என்று சொல்லி, அவள் காதுத் தோட்டைக் கழற்ற வைத்திருந்தார்கள். அவளே எழுந்து வந்து, பச்சைத் துணியால் ஒரு கோப்பையைத் துடைத்துத் தனுஜாவின் முன் வைத்தாள். சாமி குடிக்கிற கோப்பையைச் சிவப்பால் அழுத்தித் துடைத்தாள். இரண்டிலும் தேயிலை போட்டு ஊற்றி மூடினாள்.

கூட்டம் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தது.

மூடிகள் திறந்தன. தனுஜாவின் கோப்பையில் இளம்பச்சை. சாமியின் கோப்பையில் அமாவாசை.

"அய்யய்யோ, சாமிக்கே செய்வினை வெச்சிட்டாங்க!" என்று யாரோ கத்த, மாடி குலுங்கிச் சிரித்தது. டிக்கட்காரன் படியில் பாதி தூரம் போயிருந்தான். சாமியின் ஆசனத்துக்கு அடியில், சிவப்புத் துணியை நனைத்தெடுக்கக் குளிசை கரைத்த கிண்ணம் அகப்பட்டது. செந்தமிழும் சாமியை விட்டு இறங்கியது.

"அடிக்காதீங்க அக்கா! நான் கொழும்புல சீனச் சாப்பாட்டுக் கடையில கோப்பை கழுவினவன். துருப்பிடிச்ச தகரத்துல தேத்தண்ணி கறுத்ததப் பாத்துத்தான் யோசனை வந்துச்சு!"

குகை என்றாரே, அது கடையின் பின்கட்டு. தாடி மட்டும் அசல். நாகலெட்சுமி இழுத்துப் பார்த்து உறுதி செய்தாள். தோடு கைக்கு வரும்வரை விடவும் இல்லை.

கீழே இறங்கியதும் அழகம்மா தனுஜாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனசுல வெச்சுக்காத புள்ள. தை மாசமே முடிச்சிருவோம்."

"மன்னிச்சிரு தனு" என்றான் லோஜன்.

"கோப்பை கறுத்தப்ப நீங்க என் மொகத்தப் பாக்கல. தேத்தண்ணியத்தான் பாத்தீங்க" என்றாள் அவள். "கல்யாணம் நடக்கும். ஆனா தையில இல்ல. மொதல்ல சொந்தமா யோசிச்சுப் பழகிட்டு வாங்க."

லோஜன் தலை குனிந்தான். இந்தத் தடவை கோப்பையைப் பார்க்க அல்ல.

தெருவில், இன்னும் மேலே போகாத வரிசை கலையாமல் நின்றது. நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, குடை பிடித்த ஒரு பெரியவர் கவலையோடு விசாரித்தார்:

"அப்ப நெசமான சீனத்துச் சாமி எங்க இருக்காருங்க?"

அன்பான சனங்களே, தேயிலையைக் கிள்ளும்போது எது கொழுந்து, எது முற்றல் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறீர்கள். சாமியார்களை மட்டும் ஏன் கூடையோடு வாங்குகிறீர்கள்?