மூன்று டிரில்லும் ஒரு சுவரும்

திருநாவுக்கரசு சபதம் செய்தார். அதற்குக் காரணம் ஒரு வளைந்த ஆணி.

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் புது பிளாட்டுக்குக் குடிவந்ததிலிருந்து முருகப்பெருமான் பிரிட்ஜ் மேல்தான் எழுந்தருளியிருந்தார். வலப்பக்கம் பிஸ்கட் டின், இடப்பக்கம் ஊறுகாய்ப் போத்தல். சாமிப்பலகையோ கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மாட்டலாம் என்றால் சுவர் முழுக்கக் கான்கிரீட். அடித்த ஆணியெல்லாம் கும்பிட்டுக்கொண்டே கீழே விழுந்தன.

"எங்கண்ணன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா போதும்லா. அக்கரையில மாக் மண்டின்லேர்ந்து டிரில்லோட வந்து போட்டுக் கொடுத்துட்டுப் போயிடுவாரு" என்றாள் மனைவி ருக்குமணி.

பட்டறை வைத்திருக்கும் மச்சான் பிச்சைமுத்துவின் பேச்சை எடுத்ததும் திருநாவுக்கரசுக்கு மீசை துடித்திருக்கும். மீசை இல்லாததால் குரல் துடித்தது.

"உங்கண்ணன் வந்து ஓட்டை போடுறதுக்கு நான் எதுக்கு இந்த வீட்டுல? கேட்டுக்க ருக்கு. இந்தச் சுவர்ல என் கை போடாத ஓட்டை ஒண்ணுகூட இருக்கக்கூடாது! வர்ற போனஸ்ல நானே டிரில் வாங்குறேன்!"

"போன போனஸ்ல தூண்டில் வாங்குனீங்க."

"அதுக்கென்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. மீன் இன்னும் பசார்லதான் வாங்குறேன்."

திருநாவுக்கரசு துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் கிராணி. உலகத்துச் சாமானெல்லாம் அவர் கண்ணெதிரேதான் வந்து இறங்கும். அதனால் எந்த நாட்டுச் சாமான் உழைக்கும், எது காசுக்குப் பிடித்த கேடு என்று தன்னைப்போல் அறிந்தவர் பினாங்கிலேயே இல்லை என்பது அவருடைய திடமான நம்பிக்கை. பெட்டிகளின் வெளிப்பக்கத்தை மட்டுமே அவர் பார்த்திருந்தார் என்பது வேறு விஷயம்.

சீன முதலாளி ஆ ஹோக் தவுக்கேயின் இரும்புச் சாமான் கடைக்கு அவர் சனிக்கிழமை தவறாமல் போனார். தவுக்கே தமிழர்கள் நிறைந்த சுங்கை பாக்காப் தோட்டத்துப் பக்கம் வளர்ந்தவர். தமிழில் பேசுவார், தமிழிலேயே சலித்துக்கொள்வார். கடையில் டிரில் மூன்று வகை இருந்தது. ஜெர்மன்காரனுடையது, ஜப்பான்காரனுடையது, தைவான்காரனுடையது.

"ஜெர்மன் என்னா கனம், பார்த்தீங்களா தவுக்கே? கனம் இருந்தா தரம் இருக்கும்."

"அப்ப ஜெர்மன் எடு."

"ஆனா கை வலிக்குமே. ஜப்பான் லேசு."

"அப்ப ஜப்பான் எடு."

"விலைன்னு பார்த்தா தைவான்காரன்தான்…"

"ஐயா, நீ பார்த்துப் பார்த்துப் பெட்டி மேல படமே அழிஞ்சி போச்சு. ஒண்ணு எடுலா!"

அன்றுதான் அந்த மகத்தான யோசனை பிறந்தது. ஆளும் ஒன்றாக, சுவரும் ஒன்றாக இருந்து, மெஷின் மட்டும் மாறினால்தானே ஒப்பிட்டதாக ஆகும்? மூன்றையும் வீட்டுச் சுவரிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டியதுதான். ஆளை ஒழித்தால் போதும் என்று தவுக்கே தன் பழைய தைவான் டிரில்லைக் கையில் கொடுத்து அனுப்பினார். ஜெர்மன் டிரில் பக்கத்து வீட்டு ரொஸ்னாவின் கணவரிடம் இருந்தது. வாய் திறந்து கேட்பதற்குள் ரொஸ்னா "அம்பில், அம்பில்!" என்று, எடுத்துக்கொள்ளச் சொல்லி மலாயில் அவசரப்படுத்தி, நீட்டிவிட்டாள். ஜப்பான் டிரில் யாரிடம் இருந்தது என்பதைத்தான் அவர் சொல்லவில்லை. ருக்குமணியும் கேட்கவில்லை, போன் மட்டும் போட்டாள். மறுநாள் பிச்சைமுத்து டிரில்லோடு பெர்ரி ஏறி வந்துவிட்டார்.

"இது இரவல் இல்ல மச்சான். சோதனைக்கு ஒரு மாதிரி, அவ்வளவுதான்" என்றார் திருநாவுக்கரசு.

"அதுக்கென்ன மச்சான். வந்தது வந்துட்டேன், நானே நாலு ஓட்டை போட்டுடவா?"

"கையை எடுங்க மச்சான்!"

மச்சான் காப்பியைக் குடித்துவிட்டு அடுத்த பெர்ரியில் திரும்பினார்.

ஆர்வம் தாங்காத திருநாவுக்கரசு ஜெர்மன் டிரில்லை எடுத்து, நாற்காலிக்கு மேலே ஒரு ஓட்டை போட்டார். டிரில் சுவரைக் குடைந்தது. கூடவே அவரையும் ஒரு சுற்றுச் சுற்றியது. ஓட்டை கோணலாக வாயைப் பிளந்து நின்றது.

அடுக்களையிலிருந்து ருக்குமணி ஓடிவந்தாள்.

"கண்ட இடத்துல போட்டா வீடு சல்லடை ஆயிடும்! சோதனை பண்றதா இருந்தா, இடத்தை நான்தான் காட்டுவேன்."

"சுவர்ல எங்க போட்டாலும் சோதனை சோதனைதான்."

"அதேதாங்க நானும் சொல்றேன். எங்க போட்டா என்ன? நான் சொல்ற இடத்துல போடுங்க."

அவள் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்து, நாற்காலி மேல் ஏறி, அளந்து அளந்து சுவரில் பொட்டு வைத்தாள். கிழக்குச் சுவரில் இரண்டு, ஜன்னலுக்கு மேலே இந்த ஓரம் ஒன்று, அந்த ஓரம் ஒன்று, வாசலுக்கு எதிரே ஒன்று, குளியலறைப் பக்கம் ஒன்று. நல்ல காரியத்தைப் பொட்டு வைத்துத் தொடங்கும் மனைவி எல்லாருக்கும் வாய்ப்பாளா? அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

ஒரு பொட்டுக்கு ஜெர்மன், ஒரு பொட்டுக்கு ஜப்பான், ஒரு பொட்டுக்குத் தைவான் என்று மாற்றி மாற்றிக் குடைந்தார். தலை நரைத்துப் போனது, எல்லாம் சிமெண்டுத் தூள். ஜெர்மன் வேகம், ஆனால் தோளைக் கழற்றியது. தைவான் பாவம், இரைக்க இரைக்க உழைத்தது. ஜப்பான் சத்தமில்லாமல் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது.

"முடிவு பண்ணிட்டேன் ருக்கு. ஜப்பான்தான்!"

"அப்படியா? இன்னும் ஒரு பொட்டு பாக்கி இருக்கு. எதுக்கும் அதையும் ஜப்பான்லயே போட்டு உறுதி பண்ணிக்குங்க."

உறுதி பண்ணிக்கொண்டார். மூன்று டிரில்லையும் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார். அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போய், "ஜப்பான்! எடுத்து வைங்க தவுக்கே, போனஸ் வந்தாச்சு, பணத்தோட வர்றேன்!" என்று முழங்கினார். தவுக்கே கண்கலங்கி நாற்காலி போட்டார். அதில் உட்காரக்கூட நேரமில்லாமல் வீட்டுக்கு ஓடிவந்தார் திருநாவுக்கரசு.

வாசலில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பிரிட்ஜ் மேல் பிஸ்கட் டின்னும் ஊறுகாய்ப் போத்தலும் மட்டுமே இருந்தன. கிழக்குச் சுவரில் சாமிப்பலகை, அதன்மேல் மாலையும் விளக்குமாக முருகப்பெருமான். ஜன்னலில் கம்பி ஏறித் திரை ஆடியது. வாசலுக்கு எதிரே கடிகாரம், குளியலறைப் பக்கம் கண்ணாடி. ருக்குமணி கையில் ஸ்குரூ முடுக்கியோடு நாற்காலியிலிருந்து இறங்கினாள். நாற்காலியைப் பிடித்திருந்த ரொஸ்னா சிரித்துக்கொண்டே நழுவினாள்.

"உங்க சபதம் நிறைவேறிடுச்சுங்க. அத்தனை ஓட்டையும் உங்க கையால போட்டது. எங்கண்ணன் ஒரு ஓட்டை போட்டிருப்பாரா, சொல்லுங்க?"

"அப்ப… டிரில்?"

"இனி டிரில்லை வச்சு எதைக் குடையப் போறீங்க?"

"போனஸ்?"

"தையல் மெஷினுக்குச் சொல்லிட்டேன். சாயங்காலம் வந்துடும்."

"எந்த பிராண்ட்? எத்தனை பிராண்ட் பார்த்தே?"

"கடையில நுழைஞ்சதும் முதல்ல இருந்ததுலா. நல்லாத்தான் இருந்துச்சு."

திருநாவுக்கரசுக்கு அழுகையே வந்தது. ஆசைப்பட்ட ஜப்பான்காரன் தவுக்கேயின் மேஜை மேல் காத்திருக்கிறானே! கடைசி நம்பிக்கையோடு சுவரைத் தடவினார்.

"ஒரு ஓட்டைகூட… போட பாக்கி இல்லையா ருக்கு?"

"போட பாக்கி இல்ல. அடைக்க ஒண்ணு பாக்கி இருக்கு. நாற்காலிக்கு மேல, அந்தக் கோணல். கடைக்குப் போனா அதுக்கு ஏதாவது வாங்கிட்டு வாங்க."

கடையில் ஆ ஹோக் தவுக்கே புத்தம்புது ஜப்பான் டிரில்லைத் துடைத்து, பெட்டியில் வைத்து, கயிறும் கட்டி வைத்திருந்தார். திருநாவுக்கரசு அதைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார்.

"தவுக்கே, சுவர்ல ஓட்டை அடைக்கிற சிமெண்டு… சின்னப் பொட்டலமா ஒண்ணு."

தவுக்கே அவரை ஏற இறங்கப் பார்த்தார். கட்டிய கயிற்றை மெல்ல அவிழ்த்தார். அப்புறம் பெருமூச்சோடு கேட்டார்:

"எந்த பிராண்ட்?"