சைக்கிளோட வந்த மாப்பிள்ளை

இலங்கையின் ஊவா மாகாணத்தில் வீசிய காற்றில் பாதி மலைகளுக்குச் சொந்தம். மீதிப் பாதி பம்பண்ணனுக்குச் சொந்தம். காற்றடிக்கும் பம்பை இடுப்பு வேட்டியில் செருகாமல் அவர் பதுளைக் கடைவீதியில் நடந்து யாரும் பார்த்ததில்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கேட்டால் அவரே கொஞ்ச நேரம் யோசிப்பார்.

ரயில் பதுளைக்கு வந்து சேராத காலம் அது. நான் அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கர். என் அறைக்குக் கீழேதான் அவருடைய பட்டறை. தோட்டத்துத் துரைமார் இறக்கத்தில் உருண்டு, எழுந்து, கோபத்தில் தேயிலைச் செடிகளுக்குள் வீசியெறிந்த சைக்கிள்கள் எல்லாம் அங்கே வந்து சேரும். அவற்றை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, செங்கல் தூளால் தேய்த்து, முகம் பார்க்கிற பளபளப்புக்குக் கொண்டுவந்துவிடுவார். புதுச் சாமான் மட்டும் போடமாட்டார். "பழசுக்குப் பழசுதாங்க சோடி" என்பார்.

அதில் ஒரு சைக்கிளை அவரிடமிருந்து வாங்குவதுதான் பெரும்பாடு. நானும் ஒரு நாள் கேட்டுப் பார்த்தேன்.

"ஏத்தத்துல என்னா செய்வீங்க?"

"எறங்கித் தள்ளுவேன்."

"எறக்கத்துல?"

"சும்மா விட்டுருவேன்!"

"அப்ப சும்மாவே உருண்டு போங்க. சைக்கிள் எதுக்கு? எறக்கத்துலயும் எறங்கித் தள்ளணும்ங்க."

ஏற்றத்திலும் தள்ள வேண்டும், இறக்கத்திலும் தள்ள வேண்டும் என்றால் இந்த மலைநாட்டில் எங்கேதான் ஏறி ஓட்டுவது என்று கேட்டேன். "அது வாங்குறவங்க கவலைங்க" என்று முடித்துவிட்டார்.

நாற்பது தாண்டியபின் அவருக்கு ஒரு பெண் அமைந்தது. பசறைப் பக்கத் தோட்டத்துக் கங்காணியின் மகள் செல்லம்மா. ஒரு தோட்டத்து ஆட்களையே மேய்க்கும் கங்காணிக்கு ஆசையும் பெரிதாகத்தானே இருக்கும்? மாப்பிள்ளை துரை மாதிரி சைக்கிளில் வந்து தோட்டத்து வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்து வாசலில் இறங்கவேண்டும் என்றார். கல்யாணத் தரகரும் தலையாட்டிவிட்டு வந்தார். பம்பண்ணன் பதறிப்போனார்.

"'சைக்கிள்ல வருவாரு'ன்னா சொன்னீங்க? 'சைக்கிளோட வருவாரு'ன்னு மாத்திச் சொல்லுங்க!"

"ரெண்டும் ஒண்ணுதானேங்க?" என்றார் தரகர்.

ஒன்றில்லை என்பது அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்தது. பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, "கிளாக்கரய்யா, எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்றார்.

விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காதீங்க. என்னையும் ஒரு மனுசனா மதிச்சுச் சம்மதம் சொன்ன மொதப் புள்ளைங்க அது. இது தவறிப்போனா எனக்குக் கல்யாணமே இல்ல."

மறுநாளே மைதானத்தில் பாடம் ஆரம்பித்தேன். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடி "முருகா!" என்பார். முருகன் அவரை நேராகக் காய்கறிக்காரியின் கூடைக்குள் கொண்டுபோய் விடுவான். முழங்காலில் ரத்தம் வடிய எழுந்து சைக்கிளைத் தடவி, "எங்கயாச்சும் பட்டுச்சா?" என்று அதைத்தான் கேட்பார். சைக்கிளுக்கு வலிக்கும் என்று சொல்லிக் கடைசியில் கற்றுக்கொள்வதையே விட்டுவிட்டார்.

கல்யாணத்தன்று சைக்கிளுக்கு மாலை போட்டு, பதுளையிலிருந்து பசறை வரை மலைப்பாதையில் தள்ளிக்கொண்டே போனார். நாங்கள் பின்னால் நடந்தோம். லயத்து வாசலில் தப்பு மேளம் முழங்கியது. கங்காணி மீசையை முறுக்கிக்கொண்டு முன்னால் நின்றார்.

"என்னா மாப்புள தள்ளிக்கிட்டு வாறீங்க? ஏறி வாங்க!"

பம்பண்ணன் சைக்கிளை நிறுத்தினார். "மாமா, சைக்கிளோட வாறேன்னுதான் சொல்லச் சொன்னேன். ஓட்டத் தெரியாதுங்க."

தப்பு நின்றுவிட்டது. "ஓட்டத் தெரியாதவனுக்கா என் மக?" என்று கங்காணி கத்திய கத்தலில் எனக்கே திரும்பி ஓடலாம் போலிருந்தது. அப்போது உள்ளேயிருந்து பெண்ணின் குரல் வந்தது.

"அப்பா, ஏறத் தெரியாத சைக்கிளையே இம்புட்டுத் தூரம் தள்ளிக்கிட்டு வந்திருக்காரு. என்னைய நடுவழியிலயா விட்டுட்டுப் போயிருவாரு?"

கங்காணி மீசையை விட்டுவிட்டுத் தப்புக்காரர்களைப் பார்த்துக் கையசைத்தார். தப்பு மறுபடியும் முழங்கியது. தாலி ஏறியது.

திரும்பும்போது செல்லம்மாவைச் சைக்கிளில் உட்கார வைத்து, ஏற்றத்திலும் இறக்கத்திலும் தள்ளிக்கொண்டே வந்தார். புறப்படும்போது இடுப்பிலிருந்த பம்பை உருவி என்னிடம் நீட்டினார். "பிடிங்க கிளாக்கரய்யா, குனிஞ்சு தள்ளையில குத்துது."

அதன்பிறகு அவர் அதைத் திருப்பிக் கேட்கவேயில்லை. பம்பில்லாமலே பம்பண்ணனாக வாழ்ந்து முடித்தார். என்னிடம் இன்றுவரை சைக்கிள் கிடையாது. ஆனாலும் அவர் நினைப்பு வரும்போது பம்பை எடுத்து இரண்டு முறை சும்மா அடித்துப் பார்ப்பேன். அந்த 'உஸ்'ஸைக் கேட்டால், கீழே பட்டறை திறந்துவிட்டது போலிருக்கும்.